வெஸ்ட் ஹைலண்ட் வே: இரண்டு தவணையாக நடப்பவர்கள் பெட்டிகளை என்ன செய்வது?

கோவைநடையன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள மல்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை செல்லும் 154 கிலோமீட்டர் பாதையை ஒரே முறையில் நடந்து முடிக்க எங்களுக்கு விடுப்பு போதவில்லை. ஆகவே வரும் மே மாதம் தென்பாதியையும், அடுத்த ஆண்டு வடபாதியையும் நடப்பதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். நடப்பதற்கான பயிற்சியைப் பற்றிக் கேட்க நான் இங்கு வரவில்லை. எனக்குக் குழப்பமாக இருப்பது பயண ஏற்பாடும் பெட்டிகளும்தான்.

நடை முடிந்ததும் லண்டனில் மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கப் போகிறோம். அதனால் பேத்திக்கு வாங்கியவை, ஊறுகாய், பொடி வகைகள், விசேஷத்துக்கான உடைகள் என்று ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி சேர்ந்துவிடும். சென்னையிலிருந்து துபாய் வழியாக நேரே கிளாஸ்கோவில் இறங்கி, ஐந்து நாள் நடந்து, பாதி வழியைச் சற்றுத் தாண்டிய டைண்ட்ரம் ஊர் வரை சென்று, பிறகு லண்டன் போவதே இப்போதைய உத்தேசம். நடைப்பாதையில் ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு வேனில் பைகளைக் கொண்டுசேர்க்கும் சேவைகள் இருக்கின்றன என்பதால், இந்தப் பெட்டிகளையே அவர்களிடம் ஒப்படைத்துவிடலாமா? மனைவிக்கு இறக்கத்தில் முழங்கால் வலி வரும் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை.

கிளைட்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். நான் கிளாஸ்கோவில் வசிப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்பதுண்டு.

முதலில் பாதையை எங்கே முறிப்பது என்பதைத் தீர்மானித்துவிட்டால், பெட்டிப் பிரச்சினையில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். பலரும் மொத்தத் தூரத்தை இரண்டால் வகுத்து, அந்தக் கிலோமீட்டருக்கு அருகில் எந்த ஊர் வருகிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்யாமல், வண்டி வந்து நிற்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். இந்தப் பாதையின் வடபாதியில் பெரும்பாலும் ஏ82 நெடுஞ்சாலையோ, கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் செல்லும் வெஸ்ட் ஹைலண்ட் ரயில்பாதையோ எங்காவது அருகில் வந்துகொண்டே இருக்கும். ஆர்ட்லூயி, கிரியன்லாரிக், அப்பர் டைண்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி ஆகியவை எல்லாம் அந்த ரயில்பாதையின் நிலையங்கள். ஆனால் லாக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரை அப்படியன்று. உள்ளூர்ப் பேருந்து பல்மாஹாவோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் ரோவர்டெனன் வரை ஒற்றைத் தார்ச்சாலை இருக்கிறது, அங்கே அதுவும் முடிந்துவிடும். சாலையும் ரயிலும் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கின்றன. ரோவர்டெனனில் நடையை முறித்துக்கொண்டவர் படகு கிடைத்தால் தப்பித்தார், இல்லாவிட்டால் பெரும் தொகைக்கு டாக்சிதான்.

கிரியன்லாரிக் ஏறத்தாழச் சரிபாதி. பாதை ஊருக்கு மேலே காட்டுக்குள் செல்கிறது. கிளை வழியில் ஒரு கிலோமீட்டர் அளவு இறங்கினால் நிலையம். எனவே டைண்ட்ரமை அடுத்த ஆண்டுக்கு வைத்துவிட்டு, இந்த ஆண்டு கிரியன்லாரிக்கில் நிறுத்தலாம் என்பது என் எண்ணம்.

பெட்டிகளைப் பொறுத்தவரை, வேன் சேவைகள் ஒவ்வொரு பைக்கும் எடை வரம்பு வைத்திருக்கின்றன; பதிவு செய்யும்போதே அதைப் பார்க்க வேண்டும். உங்கள் பெட்டிகள் அதற்குள் அடங்கினாலும் அவற்றை நாளுக்கு நாள் மலைநாட்டு விடுதிகளுக்கு இழுத்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊறுகாய் எதற்காக லாக் லோமண்ட் பார்க்க வேண்டும்? அவை கிளாஸ்கோவிலேயே இருக்கட்டும். சென்ட்ரல் நிலையத்தில் பொருள் வைக்கும் கூடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் நாள் கணக்கில் கட்டணம் என்பதால், ஒரு வாரத்துக்கு இரண்டு பெட்டிகள் என்றால் செலவு ஏறிவிடும். அதைவிட, நடைக்கு முந்தைய இரவும் பிந்தைய இரவும் ஒரே ஹோட்டலில் எடுத்து, இடையில் பெட்டிகளை வைத்துக்கொள்வீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டால், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

தோள்சுமை எழுதியது:

வேன் சேவையே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். இரண்டு செட் உடை, மழைச்சட்டை, குளிருக்கு ஒரு மேலுடை, மருந்துகள், சார்ஜர் என்று கணக்குப் பார்த்தால், விடுதிகளில் தங்கி நடப்பவருக்குத் தண்ணீரோடு சேர்த்து எட்டுக் கிலோவுக்கு மேல் தேவைப்படாது.

வேனில் பை போகிறது என்றால் அது காலையிலேயே உங்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. மழையோ வலியோ வந்து, நடுவழியில் இன்னோர் ஊரில் தங்கிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும்போது, மாற்றுடையும் மருந்தும் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தோளில் சுமப்பவருக்கு அந்தக் கட்டு இல்லை. படுக்கை எங்கே கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடலாம். பகுதி பகுதியாக நடப்பவருக்கு இந்தச் சுதந்திரம் இன்னும் முக்கியம், ஏனென்றால் நேரம் மிச்சமானால் ஒரு நிலையம் கூடுதலாக நடக்கலாம், உடம்பு ஒத்துழைக்காவிட்டால் ஒரு நிலையம் முன்னதாகவே ரயில் ஏறிவிடலாம்.

மலர்விழி லீட்ஸ் எழுதியது:

தோள்சுமை அண்ணா சொல்வது முப்பது வயது முழங்காலுக்குச் சரி. எனக்கும் இறக்கத்தில் மூட்டு வலி உண்டு என்பதால் அனுபவத்தில் சொல்கிறேன்: டிரைமனைத் தாண்டி வரும் கோனிக் ஹில் 361 மீட்டர்தான், ஆனால் பல்மாஹாவுக்கு இறங்கும் பக்கம் செங்குத்தான படிகள், அங்கே முதுகில் எட்டுக் கிலோ இருப்பதற்கும் மூன்று கிலோ இருப்பதற்கும் உள்ள வேறுபாடு மூட்டுக்குத் தெரியும். அதற்கடுத்து ரோவர்டெனனிலிருந்து இன்வரார்னன் வரையிலான ஏரிக்கரை, வரைபடத்தில் தட்டையாகத் தெரிந்தாலும், இன்வர்ஸ்னெய்டுக்கு வடக்கே மரவேர்களையும் பாறைகளையும் கையால் பிடித்து ஏறி இறங்க வேண்டிய இடம். அங்கே மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். மேலும் "எங்கே படுக்கை கிடைக்கிறதோ அங்கே" என்பது மே மாதத்தில் நடக்கிற காரியமா? இந்தப் பாதையில் விடுதிகள் குறைவு. மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடுகின்றன. படுக்கையை முன்பதிவு செய்தபின் அந்தச் சுதந்திரத்துக்கு என்ன மிச்சம்?

அக்காவுக்காகச் சில விவரங்கள். ஏ.எம்.எஸ்., டிராவல்-லைட் ஆகிய இரண்டு வேன் சேவைகளுமே மல்கை ரயில் நிலையக் கார் நிறுத்துமிடத்தில் காலையில் பைகளை வாங்கிக்கொள்கிறார்கள். நேரத்தைத் தவறவிட்டால் வேன் போய்விடும், ஆகவே கிளாஸ்கோவில் தங்கினால் அதிகாலை ரயிலே பிடிக்க வேண்டும். சக்கரப் பெட்டியைவிடத் துணிப்பை நல்லது. பைக்குள் இருப்பவற்றையெல்லாம் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். விடுதி வாசலில் வேன்காரர் இறக்கிவைத்த பை நீங்கள் வந்துசேரும்வரை மழையில் நனைந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு. அடையாளச் சீட்டில் பெயரோடு அன்றைய தங்குமிடத்தையும் எழுதுங்கள். கடவுச்சீட்டு, மருந்துகள், மழைச்சட்டை, உலர்ந்த காலுறை ஒரு ஜோடி ஆகியவை எந்நாளும் உங்கள் முதுகில்தான் இருக்க வேண்டும். என் தோழி ஒருத்தியின் பை ஒருமுறை தவறான விடுதிக்குப் போய் மறுநாள்தான் கைக்கு வந்தது. இரத்த அழுத்த மாத்திரை கைப்பையில் இருந்ததால் அது வெறும் தொல்லையோடு போயிற்று.

கோவைநடையன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கிரியன்லாரிக்கில் முறிப்பது என்பது எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மலர்விழி அம்மா எழுதியதைப் படித்தபின், ரோவர்டெனனிலிருந்து இன்வரார்னன் வரை 22 கிலோமீட்டரை ஒரே நாளில் நடப்பதற்கு மனைவி தயங்குகிறார். நடுவில் இன்வர்ஸ்னெய்டில் ஒரேயொரு ஹோட்டல்தான் தெரிகிறது, அதில் இடமில்லை. கிளைட்கரை ஐயா எதிர்க்கரைக்குப் படகு உண்டு என்றீர்களே, அதைப் பயன்படுத்த வழி இருக்கிறதா?

கிளைட்கரை எழுதியது:

இருக்கிறது, நான் அடுத்து எழுத நினைத்ததும் அதுதான். இதுவரை நாம் அனைவரும் தினமும் படுக்கை மாறும், படுக்கையோடு பையும் மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டே பேசினோம். படுக்கையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஆட்கள் மட்டும் காலையில் போய் மாலையில் திரும்பினால், பையை யார் தூக்குவது என்ற கேள்வியே எழாது.

ஏரியின் மேற்குக் கரையில் டார்பெட் என்று ஓர் ஊர். படகுத்துறையும், ஏ82 சாலையில் பேருந்து நிறுத்தமும் அங்கேயே இருக்கின்றன. ஆரோக்கர் அண்ட் டார்பெட் ரயில் நிலையத்துக்குக் கால் மணி நேர நடை. கோடைக்காலத்தில் டார்பெட்டிலிருந்து இன்வர்ஸ்னெய்டுக்கும் ரோவர்டெனனுக்கும் படகு விடுகிறார்கள். காலையில் படகில் ரோவர்டெனன் போய் இறங்கி, 11 கிலோமீட்டர் நடந்து இன்வர்ஸ்னெய்டில் மீண்டும் படகு ஏறி டார்பெட் திரும்பலாம். மறுநாள் இன்வர்ஸ்னெய்டுக்குப் படகில் போய், அந்தக் கரடுமுரடான பத்துக் கிலோமீட்டரை நாள் முழுவதும் நிதானமாக நடந்து இன்வரார்னனில் சாலையைத் தொட்டு, கிளாஸ்கோ செல்லும் சிட்டிலிங்க் பேருந்தில் டார்பெட்டில் இறங்கிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் அதே பேருந்தில் இன்வரார்னன் போய், கிரியன்லாரிக் வரை இன்னொரு பத்துக் கிலோமீட்டர் நடந்து, ரயிலில் திரும்பலாம். மூன்று நாளும் ஒரே அறை, ஒரே அலமாரி.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. படகுகள் நாளுக்கு மிகச் சில நடைதான். ரோவர்டெனனுக்கு இன்னும் குறைவு. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். இன்வர்ஸ்னெய்டில் கடைசிப் படகைத் தவறவிட்டால், அங்கிருந்து வெளியேறும் ஒரே சாலை கிழக்கே மலைகளைச் சுற்றி அபர்ஃபாய்லுக்குப் போகிறது; டார்பெட் எதிரே தெரியும், ஆனால் சாலை வழியாகச் சேர இரவாகிவிடும். சிட்டிலிங்க் பேருந்தில் இருக்கையை முன்பே பதிவு செய்யுங்கள். கோடையில் நிறைந்த பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் போவதுண்டு.

ரயிலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து வரும் வண்டிகள் பலவும் கிரியன்லாரிக்கில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி ஓபனுக்கும் மற்றது ஃபோர்ட் வில்லியத்துக்கும் போகும். தெற்கே திரும்பும்போது இதனால் பாதிப்பில்லை. அடுத்த ஆண்டு வடக்கே போகும்போது எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்று பார்த்து ஏறுங்கள். டைண்ட்ரமில் இரண்டு நிலையங்கள் உண்டு: ஃபோர்ட் வில்லியம் பாதையில் இருப்பது அப்பர் டைண்ட்ரம், ஓபன் பாதையில் இருப்பது டைண்ட்ரம் லோயர். சிறிய ஊர்தான் என்றாலும் தவறான நடைமேடையில் காத்திருந்தால் அடுத்த வண்டிக்குப் பல மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் மேலும் குறைவு என்பதால் நடை முடியும் நாள் ஞாயிறாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோள்சுமை எழுதியது:

ஏற்பாடு நேர்த்தியாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெடும்பாதையில் நடப்பதன் ருசியே, காலையில் கிளம்பிய ஊருக்கு மாலையில் திரும்பாமல் இருப்பதுதான். நாள்தோறும் பேருந்தில் பழைய அறைக்கே வந்து படுப்பவர் பத்துத் தனித்தனி நடைகளை நடந்திருப்பார். பாதையை நடந்ததாக அவருக்குத் தோன்றுமா என்பது சந்தேகம். போதாததற்கு, வேனின் அட்டவணையிலிருந்து தப்பித்து, படகு, பேருந்து, ரயில் என்று மூன்று அட்டவணைகளில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

வடபாதிக்கு மட்டும் கிளைட்கரை முறையை நானும் ஏற்பேன், அதுவும் கிங்ஸ்ஹவுஸ் என்ற ஓரிடத்துக்காக. டைண்ட்ரமிலிருந்து கிங்ஸ்ஹவுஸ் 30 கிலோமீட்டர். கடைசிப் பாதி ரன்னாக் மூர் என்ற பரந்த சதுப்புநிலத்தின் ஓரமாக ஒதுங்க ஒரு கூரைகூட இல்லாத வெட்டவெளி. கிங்ஸ்ஹவுஸில் ஓர் ஹோட்டலும் அதையொட்டி அடுக்குக் கட்டில்கள் போட்ட பங்க் ஹவுஸ் விடுதியும்தான். விலையைப் பார்த்தால் பசி அடங்கிவிடும். இதை மட்டும் டைண்ட்ரமில் தங்கி இரண்டாக வெட்டலாம்: முதல் நாள் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி வரை 11 கிலோமீட்டர் நடந்து ரயிலிலோ பேருந்திலோ திரும்புவது, மறுநாள் அங்கிருந்து தொடங்கி கிங்ஸ்ஹவுஸ் சாலைமுனை வரை 19 கிலோமீட்டர் நடந்து பேருந்தில் திரும்புவது. அதன் பிறகு ஃபோர்ட் வில்லியத்துக்கு அறையை மாற்றிக்கொண்டு, பேருந்தில் கிங்ஸ்ஹவுஸ் போய், 548 மீட்டர் உயர டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் கணவாய் வழியாக கின்லாக்லெவன் வரை 14 கிலோமீட்டர். கடைசி நாள் கின்லாக்லெவனிலிருந்து ஃபோர்ட் வில்லியம் 24 கிலோமீட்டர். கின்லாக்லெவனுக்கு உள்ளூர்ப் பேருந்து உண்டு. பையை ஒரே ஒருமுறை இடம் மாற்றினால் போதும், அதையும் நீங்களே ரயிலில் எடுத்துப் போகலாம்.

முழங்காலுக்கு ஓர் எச்சரிக்கை: டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் என்ற பெயரைக் கண்டு ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். படுத்துவது மறுபுறம் கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கும் கரடுமுரடான நீண்ட இறக்கம்தான்.

தூரல்மேகம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். விமானப் பெட்டி பற்றி மட்டும். நடைக்கோல்களை இந்திய விமான நிலையங்களில் கைப்பையோடு அனுமதிக்க மாட்டார்கள், பதிவுப் பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் வர வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பி இரண்டிலும் கூடாது. தேவைப்பட்டால் கிளாஸ்கோ மலையேற்றக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவர பிரிட்டனில் தடை இருப்பதால் நெய்யையும் பால்கோவாவையும் விட்டுவிடுங்கள். பருப்புப் பொடியும் அவலும் தாராளமாக வரலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த ஊர் விடுதிகளில் இரண்டாம் நாளே அவற்றின் அருமை தெரியும்.

கூடாரம் போடுவதாக இருந்தால் ஏரியின் கிழக்குக் கரையில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டு வேண்டும். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் போடலாம் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மலர்விழி லீட்ஸ் எழுதியது:

கோவைநடையன் ஐயா, ஓர் எளிய கேள்வி. சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியிருக்க ஏன் முதலில் கிளாஸ்கோ? சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. முதலில் மகள் வீட்டுக்குப் போங்கள். பெட்டிகளை அங்கே திறந்து, பேத்திக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, நேர மாற்றத்தின் அசதியும் தீர்ந்த பிறகு, ஆளுக்கொரு சிறு பையோடு லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் நாலரை மணி நேரத்தில் கிளாஸ்கோ சென்ட்ரல். நடை முடிந்து அதே வழியில் லண்டன் திரும்பி ஊருக்குப் போகலாம். பெட்டிக்குக் காவலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

கோவைநடையன் எழுதியது:

மலர்விழி அம்மாவின் யோசனையைப் படித்துவிட்டு மனைவி, "இதற்கா இத்தனை நாள் தாள் தாளாக எழுதிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். லண்டன் சீட்டே எடுக்கிறோம்.

நடை ஏற்பாடு இவ்வாறு அமைகிறது. மல்கையிலிருந்து டிரைமன் 19 கிலோமீட்டர், அங்கிருந்து கோனிக் ஹில் ஏறி பல்மாஹா, பிறகு ரோவர்டெனன் என்று முதல் மூன்று நாள்களுக்கு மட்டும் வேனில் ஒரே ஒரு துணிப்பையை இருவருக்குமாக அனுப்புகிறோம். ரோவர்டெனனில் ஓர் இரவு தங்கி, மறுநாள் இன்வர்ஸ்னெய்டு வரை நடந்து, படகில் டார்பெட் சேர்ந்து, அங்கே மூன்று இரவு. தோள்சுமை நண்பரின் பேச்சையும் முழுவதும் தள்ளிவிடவில்லை; ஏரியின் தென்பாதியில் ஊர் மாறி ஊர் போகிறோம் அல்லவா?

ஒரே சந்தேகம்: ரோவர்டெனனில் காலையில் ஒப்படைக்கும் பையை வேன்காரர்கள் டார்பெட்டில் இறக்குவார்களா? டார்பெட் நடைப்பாதையில் இல்லையே.

கிளைட்கரை எழுதியது:

பதிவு செய்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, டார்பெட் விடுதியின் பெயரைக் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களின் வேன்கள் ரோவர்டெனனிலிருந்து வடக்கே போவதற்கு எப்படியும் ஏரியைத் தெற்காகச் சுற்றி ஏ82 சாலைக்கு வந்து டார்பெட்டைக் கடந்துதான் போக வேண்டும், ஆகவே கேட்பதில் தவறில்லை. கூடுதல் கட்டணம் கேட்கக்கூடும். மறுத்துவிட்டால், பையை இன்வரார்னன் விடுதி ஒன்றுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எடுக்கப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். தங்காதவர் பையைப் பல விடுதிகள் வாங்குவதில்லை. அப்படி நேர்ந்தால், அந்த ஒரு நாள் மட்டும் தோள்சுமை சொன்னபடி முதுகில் போட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள். ரோவர்டெனனிலிருந்து இன்வர்ஸ்னெய்டு வரையிலான வழி ஓரளவு நல்ல வழிதான். வேர்களும் பாறைகளும் உள்ள பகுதி அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது, அங்கே நீங்கள் வெறுங்கையோடு போவீர்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு குறிப்பு: லண்டன் யூஸ்டனிலிருந்து ஃபோர்ட் வில்லியம் செல்லும் கலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயில் கிரியன்லாரிக்கில் நின்று போகிறது. சனிக்கிழமை இரவுகளில் அது ஓடுவதில்லை. கிரியன்லாரிக்கில் இறங்க வேண்டும் என்பதை ஏறியதுமே வண்டிப் பணியாளரிடம் சொல்லிவையுங்கள்.